கோழியின் கூடையில் விழுந்த பழங்கள்

எனக்குப் பிறகு பிள்ளை மடுவத்தைப் பொறுப்பேற்ற நிசாந்தினி போன வாரம் போன் எடுத்தாள். “அக்கா, மேலேருந்து நிரப்பச் சொல்லி ஒரு போரம் வந்திருக்குங்க. ஒங்க நிலையத்துல முன்னாடி டிஜிட்டல் விளையாட்டு எதும் பயன்படுத்துனாங்களா, வெளைவு என்னன்னு கேட்டிருக்காங்க. எழுத ரெண்டு வரிதான் எடமிருக்கு. என்னக்கா எழுதுறது?” என்றாள்.

“பயன்படுத்தினோம், மானம் போனிச்சுன்னு எழுது” என்றேன். அவள் சிரித்தாள். சிரித்த சிரிப்பைக் கேட்டால் அதையே எழுதி அனுப்பிவிடுவாளோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் செய்யக்கூடியவர்கள். ஆகவே இரண்டு வரிக்குள் அடங்காததை இங்கே எழுதி வைக்கிறேன்.

றொசல்லைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், மேல் டிவிசன் மடுவத்தில் முப்பத்துநான்கு வருடம் வேலை செய்தவள் நான். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தை முதல் ஐந்து வயதுவரை உள்ளதுகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். நான் சேர்ந்தபோது என்னை ஆயம்மா என்றார்கள். பிறகு பராமரிப்பாளர் என்றார்கள். ஓய்வுபெறும்போது சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர். பெயர் நீண்டதே தவிர பிள்ளைகளின் மூக்குச்சளி குறையவில்லை.

பயிற்சி என்று கண்டியில் மூன்று மாதம் வைத்தார்கள். நிறை பார்க்க, கஞ்சி காய்ச்ச, பன்னிரண்டு பாட்டுப் பாட, வலிப்பு வந்தால் பதறாமல் இருக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரே நேரத்தில் ஏழு பிள்ளைகள் அழுதால் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அதை நானே கண்டுபிடித்தேன். எட்டாவது ஆளாக நாமும் அழுவதுபோல் உட்கார்ந்தால் ஏழும் வாயை மூடிக்கொண்டு நம்மை வேடிக்கை பார்க்கும்.

மடுவத்தில் ஒரு நாள் எப்படி ஓடும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். காலையில் பெரட்டுக்குப் போகும் வழியில், அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கப் போகும் வழியில், தாய்மார் பிள்ளைகளைக் கொண்டு வருவார்கள். ஒவ்வொன்றையும் நெற்றி தொட்டுப் பார்த்து வாங்குவேன். காய்ச்சல் என்றால் வாங்கமாட்டேன், எத்தனை கெஞ்சினாலும் வாங்கமாட்டேன். கை கழுவி, கஞ்சி குடித்து, பெரியதுகள் பாயில், சின்னதுகள் ஏணைத் தொட்டிலில். பத்து மணிக்குச் சங்கு ஊதும். பால் கொடுக்கும் தாய்மார் மலையிலிருந்து இறங்கி ஓடி வருவார்கள். வாசலில் சவர்க்காரம் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினால்தான் பிள்ளையைக் கையில் கொடுப்பேன். மருந்தடித்த மலையாக இருந்தால் இரண்டு முறை. அடுத்த சங்கு ஊதினதும் பிள்ளையை வாங்கிவிடுவேன், குடித்து முடித்ததோ இல்லையோ. நேரம் என்றால் நேரம். ‘சரோஜா டீச்சரும் சங்கும் ஒண்ணு’ என்று லயத்து வீடுகளில் சொல்வார்களாம். அதை நான் பாராட்டு என்றே நெடுநாள் நினைத்திருந்தேன்.

எனக்கு மேலே இருந்தவர் நலன்புரி உத்தியோகத்தர் சிவபாலன் சேர். யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த மனிதர், எந்த வெயிலிலும் கம்பளிச் சட்டை. எங்கள் தோட்டத்துக் குளிரை அவர் கடைசிவரை மன்னிக்கவே இல்லை. அவருக்கு உலகம் இரண்டு வகை. பதிவேட்டில் உள்ளது ஒன்று, இல்லாதது மற்றொன்று. கூரை ஒழுகுகிறது என்று சொல்லப் போனால், “ஒழுகினதைப் பதிஞ்சனீங்களோ?” என்று கேட்பார். பதியவில்லை என்றால் ஒழுகவில்லை. ஒருமுறை மடுவத்துக்குள் பாம்பு வந்து நான் கத்த, ஆட்கள் கூடி அடித்தும் ஆகிவிட்டது. மறுநாள் அவர் வந்து பாம்பின் நீளம் கேட்டார். ஆனால் ஒன்று, பதிந்ததை ஒருநாளும் கைவிடமாட்டார். நான் பதிந்த ஒழுக்குக்காகத் தோட்டத்து மனேஜர் துரையின் ஆபிஸ் வாசலில் மூன்று நாள் நின்று தகரம் வாங்கிக்கொண்டு வந்தவரும் அவர்தான்.

அந்தப் பெட்டி வந்தது ஒரு மழைக்காலத்தில். எங்கள் தோட்டத்தில் பிறந்து வெளிநாடு போய்விட்ட யாரோ ஒரு புண்ணியவான், எங்களுக்கு ஒன்று, கீழ் டிவிசன் மடுவத்துக்கு ஒன்று என்று அனுப்பியது. உள்ளே ஒரு டீவி, விளையாட்டு மெசின் ஒன்று, கையில் பிடித்து ஆட நான்கு கன்ட்ரோலர், ஒரு சிடி. சிடியின் மேலே இருந்த படத்தைப் பார்த்ததும் பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஏணையில் தூங்கியதுகள் எல்லாம் எழுந்துவிட்டன. சாயங்காலம் டீவியில் ‘கூடைக்காடு’ என்று சிறுவர் நிகழ்ச்சி ஒன்று போகும். யானை, முயல், ஆமை, கோழி நான்கும் முதுகில் கூடை கட்டிக்கொண்டு காட்டில் பழம் பொறுக்கும். ஏதாவது ஒரு வில்லங்கத்தில் மாட்டும். முடிவில் ஒரே இலையில் கொட்டிச் சாப்பிடும். எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்கு அதில் அவ்வளவு உயிர். முதுகில் கூடை என்றால் அம்மா அல்லவா?

அந்த நிகழ்ச்சியை வைத்துத்தான் இந்த விளையாட்டைச் செய்திருந்தார்கள். பிறந்தநாளுக்குக் கூடும் பிள்ளைகள் நான்கு நான்கு பேராக ஆடுகிற மாதிரி. மரத்திலிருந்து மாம்பழம் விழும், ஓடிப் பொறுக்கிக் கூடையில் போட வேண்டும். எத்தனை பழம் என்று தலைக்கு மேலே இலக்கம் ஏறும். மணி அடித்ததும் கூடப் பொறுக்கினவர் மேடையில் ஏறி ஆடுவார். குறையப் பொறுக்கினவர் சேற்றில் உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார். டீவியில் ஒருநாளும் அழாத கோழி இங்கே ஓவென்று அழும்.

சிவபாலன் சேர் முதலில் பெட்டியைப் பதிந்தார். பிறகு கன்ட்ரோலர் நான்கிலும் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதினார். “விளையாட முதல் கையெழுத்து வைக்கவேணும்” என்றார்.

“யாரு சேர், புள்ளைங்களா?”

பாயில் இருந்த பிள்ளைகளை ஒருமுறை பார்த்தார். “நீங்கள் வையுங்கோ” என்றார்.

நானும் என் பங்குக்கு முறை வைத்தேன். பிள்ளைகள் இருபத்தொன்று, கன்ட்ரோலர் நான்கு. காலையில் கை கழுவி நிற்பவர்களைப் பெரட்டு மாதிரியே பெயர் கூப்பிட்டு நிரை பிரித்துவிட்டேன். ஜேம் ரொட்டி தின்ற கைக்கு அன்றைக்கு விளையாட்டு இல்லை. கரண்டு கூடிக் குறையும் என்பதால் முதலில் பல்பைப் போட்டு இரண்டு நிமிடம் பார்த்து, அது மின்னாமல் நின்றால்தான் மெசினைப் போடுவேன். முடிந்ததும் பனி இறங்காமல் கம்பளியால் மூடுவேன். என் பிள்ளைகளைக்கூட நான் அப்படி மூடி வளர்க்கவில்லை.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ ஒரு கூத்து நடந்தது. கன்ட்ரோலரில் சிவப்புப் பொத்தான் ஒன்று உண்டு. அதை அமுக்கினால் கூடையிலிருந்து ஒரு பழம் பறந்து போகும். எதிரியின் மண்டையில் அடித்தால் அவன் தலைசுற்றி விழுவான். விளையாட்டைச் செய்தவர்கள் அதற்காகத்தான் அந்தப் பொத்தானை வைத்திருந்தார்கள். எங்கள் மடுவத்தில் கவிநயா என்று ஐந்து வயதுக்காரி இருந்தாள். கொழுந்தெடுக்கும் பாக்கியத்தின் மூத்த மகள். அவள் யானையை ஓட்டிக்கொண்டு போய்க் கோழிக்குப் பின்னால் நிறுத்தி, சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். பழம் மண்டையில் படவில்லை, கோழியின் கூடைக்குள் விழுந்தது. கோழிக்கு ஒரு இலக்கம் ஏறியது, யானைக்கு ஒன்று இறங்கியது.

“ஏண்டி அவளுக்குப் போடுற?” என்று கேட்டேன்.

“மணி அடிக்கப் போகுதுங்க டீச்சர். கோழிக்கு அரைப்பேரு விழுந்துரும்” என்றாள்.

தோட்டம் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை கிலோ கொழுந்து எடுக்க வேண்டும் என்று அளவு உண்டு. அந்த அளவுக்கு நிறுத்தால் கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அரைநாள் வேலைதான் செய்தாள் என்று அர்த்தம். மழையில் நாள் முழுக்க நின்றிருந்தாலும் அவ்வளவுதான். அதனால் நிறுக்கப் போகுமுன் வயிற்றுப்பிள்ளைக்காரியோ காய்ச்சல்காரியோ பின்தங்கி நின்றால், அக்கம்பக்கத்து நிரைக்காரிகள், அதாவது பக்கத்து வரிசைச் செடிகளில் எடுப்பவர்கள், போகிற போக்கில் அவள் கூடையில் இரண்டு பிடி போட்டுவிட்டுப் போவார்கள். யாரும் அதைப் பேசமாட்டார்கள். நன்றி சொல்லும் வழக்கமும் இல்லை. பாக்கியம் இரண்டாவது பிள்ளையைச் சுமந்த கடைசி மாதங்களை அந்தப் பிடிக்கொழுந்துதான் கரைசேர்த்தது.

கவிநயா தொடங்கி வைத்ததை ஒரு வாரத்தில் மடுவமே பிடித்துக்கொண்டது. தலைக்கு மேலே இலக்கம் பார்த்து, “இவளுக்கு ஒம்போது, ஒனக்குப் பதிமூணு, போடு போடு!” என்று சுற்றி நிற்பதுகள் கத்தும். எனக்கு அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது. இலக்கம் படித்துவிட்டார்கள் என்று பெருமையாகப் பதிவேட்டிலும் எழுதினேன்.

சிரிப்பு நின்றது சிவபாலன் சேர் ஒரு காலையில் கம்பளித் தொப்பியைக் கழற்றாமல் உள்ளே வந்தபோது. பிள்ளைகள் குறைந்துவிட்டார்களாம், இரண்டு மடுவம் தேவையில்லை என்று துரை முடிவு செய்திருக்கிறாராம். கீழ் டிவிசன் மடுவமோ எங்களுடையதோ, ஒன்றை மூடப் போகிறார்கள். பெட்டி அனுப்பினவரின் ஆட்கள் வருகிற அன்றைக்கு இரண்டு மடுவத்துப் பிள்ளைகளையும் ஆடவிட்டுப் பார்ப்பாராம். எந்தப் பிள்ளைகள் கெட்டியோ அந்த மடுவம் இருக்கும்.

“வெளையாட்டுல தோத்தா மூடுவாங்களா சேர்? இது என்ன நியாயம்?”

“நியாயம் எண்டு நான் சொல்லேல்லை. துரை சொன்னவர் எண்டுதான் சொல்லுறன்.”

கீழ் டிவிசன் எங்களிலிருந்து இரண்டு மைல் இறக்கம். எங்கள் மடுவத்தை மூடினால் பிள்ளைகளை விடியலில் கீழே கொண்டு விட்டுவிட்டுத் தாய்மார் மறுபடி மேலே ஏற வேண்டும். அதையாவது செய்துவிடுவார்கள். பத்து மணிப் பால்? சங்குக்கும் சங்குக்கும் நடுவே இரண்டு மைல் இறங்கி, கொடுத்து, ஏறிவர எந்தக் காலாலும் முடியாது. பாக்கியத்தின் கைக்குழந்தைக்கு அப்போது நான்கு மாதம்.

அன்றைக்கே நான் ஆளே மாறிவிட்டேன். ஏற்கெனவே எனக்குத் தோற்பது என்றால் ஆகாது. கெரம்போர்டில் தோற்றதற்கு என் வீட்டுக்காரரிடம் இரண்டு நாள் பேசாமல் இருந்தவள். கவிநயாவையும், கைவேகம் உள்ள ரித்திக் என்ற பையனையும் தேர்ந்து, தினமும் கஞ்சிக்குப் பிறகு பயிற்சி. “யாருக்கும் குடுக்கக் கூடாது. ஒங்கூடை ஒனக்கு. வெளங்குதா?” என்று படித்துப் படித்துச் சொன்னேன். ரித்திக்குக்கு விளங்கியது. கவிநயா தலையை ஆட்டுவாள், ஆமை பின்தங்கியதும் விரல் தானாகச் சிவப்புக்குப் போய்விடும். ஒருநாள் பொறுமை கெட்டு அவள் கையில் ஒரு தட்டுத் தட்டினேன். முப்பத்துநான்கு வருடத்தில் பிள்ளைகளை எத்தனையோ முறை ஏசியிருக்கிறேன். கொடுத்ததற்காக அடித்தது அந்த ஒருமுறைதான். அதை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

கடைசியில் பிளாஸ்டர் எடுத்துச் சிவப்புப் பொத்தானின் மேலே தடிப்பாக ஒட்டிவிட்டேன், நான்கிலும். அமுக்க முடியாது. பிரச்சினை முடிந்தது.

அந்த நாள் வந்தது. மடுவத்தில் கொடி கட்டி, சுவரில் காகிதப் பூ ஒட்டியிருந்தோம். துரை நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சிங்களவர், ஆனால் தோட்டத்தில் இருபது வருடம் இருந்து தமிழை ஒரு மாதிரி வளைத்து வைத்திருந்தார். பக்கத்தில் விருந்தாளிகள் மூன்று பேர். ஜன்னலுக்கு வெளியே தாய்மார் கூடையோடு நின்றார்கள், நிறுவைக்கு வந்தவர்கள். கீழ் டிவிசன் மடுவத்தைப் பார்க்கும் புஷ்பம் அங்குள்ள பிள்ளைகள் இரண்டோடு வந்திருந்தாள். அவளும் நானும் ஒன்றாகக் கண்டியில் பயிற்சி எடுத்தவர்கள். அன்றைக்கு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. அவள் பிள்ளைகளில் ஒன்று, கோழியை ஓட்டப் போவது, நாலு வயதுகூட நிறையாத சின்னது. கன்ட்ரோலரே அதன் மடிக்குப் பெரிதாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோசம் வந்தது. உள்ளதைச் சொல்கிறேன்.

சிவபாலன் சேர் கன்ட்ரோலர்களை எடுத்துக் கொடுக்கும்போது நின்றார். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

“சரோஜா, இது என்ன பிளாஸ்டர்?”

“அது… சும்மாங்க சேர்.”

“இது பதிவிலை இல்லையே” என்று சொல்லி, நான்கையும் நகத்தால் நெம்பி எடுத்துவிட்டார்.

ஆட்டம் தொடங்கியது. முதல் ஒரு நிமிடம் நான் கனவு கண்ட மாதிரியே போனது. யானைக்குப் பதினாறு, முயலுக்குப் பதினான்கு, கீழ் டிவிசன் ஆமைக்குப் பத்து. கோழி ஒரு வேலிக்குள் போய் முட்டிக்கொண்டு முட்டிக்கொண்டே நின்றது, நான்கே பழம். அந்தச் சின்னதின் உதடு கோணத் தொடங்கியது. கவிநயா திரும்பி அதன் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கண்ணை உருட்டி, ‘வேணாம்’ என்று தலையை ஆட்டினேன். அவளும் சரி என்று தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே யானையைத் திருப்பிக் கோழிக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்திப் போட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று.

“ஏய் கவி!” என்று ரித்திக் கத்தினான். இவனாவது புத்தியாக இருக்கிறானே என்று நினைத்தேன். “நீயே போட்டா ஒனக்குக் கொறஞ்சிரும்டி, இரு நானும் போடுறேன்” என்று முயலைக் கொண்டு வந்தான்.

கீழ் டிவிசன் ஆமைக்கும் இது யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அதுவும் கூடைக்காரியின் பிள்ளைதானே. பாயில் இருந்த என் பிள்ளைகள் எழுந்து, “ஆனைக்குப் பன்னெண்டு, கோழிக்குப் பத்து, இன்னும் ஒண்ணு!” என்று கூவ, மணி அடித்தபோது நான்கு தலையிலும் பதினொன்று.

மெசினுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விளையாட்டை நடத்தும் ஆந்தை திரையில் வந்து மூன்று முறை கண்சிமிட்டியது. பிறகு இன்னொரு நிமிடம் கூட்டிக் கொடுத்தது. அதிலும் சமம். மறுபடி ஆந்தை, மறுபடி நிமிடம், மறுபடி சமம். நான்காம் முறை ஆந்தை வந்தபோது விருந்தாளிகளில் ஒருவர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். ஐந்தாம் முறை துரை மணிக்கூட்டைப் பார்த்தார். பகல் சாப்பாடு பங்களாவில் ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போலிருந்தது. புஷ்பத்தின் பக்கம் பார்த்தேன், அவள் சேலை முந்தானையை வாயில் வைத்திருந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை.

“ஹரி, போதும்” என்று, சரி என்பதைச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டு துரை எழுந்தார். கவிநயாவின் முன்னால் வந்து நின்றார். “நீ முன்னுக்கு இருந்தது. ஏன் அந்தப் பிள்ளைக்குக் குடுத்தது?”

அவள் பயப்படவில்லை. “அரைப்பேரு விழுந்துச்சுன்னா அந்தப் புள்ளைய ஏசுவாங்கங்க தொரை.”

“யாரு ஏசுறது?”

“நீங்கதாங்க” என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே யாரோ பொசுக்கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள். துரையின் காது சிவந்தது. விருந்தாளிகள் பக்கம் பார்த்தார். பிறகு சிவபாலன் சேர் பக்கம் திரும்பி, மெல்லிய குரலில், “இது எழுத வேணாம்” என்றார்.

“பதிஞ்சிட்டன், சேர்” என்றார் சிவபாலன் சேர். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

துரை விடவில்லை. “அப்ப எந்த மடுவம் தோத்தது? அதையும் எழுது பாப்போம்.”

“தோத்தது எண்டு எழுத ஒருத்தரும் இல்லை, சேர்.”

துரை மறுபடி மணிக்கூட்டைப் பார்த்தார். “ஹரி, ஹரி. அடுத்த வருசம் பாப்போம்” என்று சொல்லிவிட்டு விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போனார். அடுத்த வருடம் யாரும் பார்க்கவில்லை. அதற்கடுத்த வருடம் துரையே மாற்றலாகிப் போனார். இரண்டு மடுவமும் இன்றைக்கும் இருக்கின்றன.

மறுநாள் பத்து மணிச் சங்கு ஊதியது. பாக்கியம் மலையிலிருந்து இறங்கி ஓடி வந்தாள், முழங்கை வரை கழுவினாள், பிள்ளையை வாங்கிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். நான் அவள் பக்கத்தில் போய்க் குந்தினேன். என் வாழ்க்கையில் ஒரு தாயிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“ஓ மகள ஒருநாள் கையில அடிச்சிட்டேன் பாக்கியம். குடுக்காதன்னு சொல்லி அடிச்சேன்.”

“தெரியுங்க டீச்சர், வந்து சொன்னா.” பிள்ளையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள். “அவ யாரு பேச்ச கேட்டா? சும்மா விடுங்க.”

இரண்டாம் சங்கு ஊதியது. பிள்ளை இன்னும் குடித்துக்கொண்டிருந்தது. பாக்கியம் பழக்கப்படி அதன் வாயை எடுக்கப் போனாள். அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். எழுந்து வாசலுக்குப் போனேன், கங்காணியைக் கூப்பிட்டு இன்னும் ஐந்து நிமிடம் பொறுங்கள் என்று சொல்ல. மேலே மலையைப் பார்த்தேன். பாக்கியத்தின் நிரை அவள் விட்டுவிட்டு வந்த இடத்தில் இல்லை. இரண்டு பக்கத்து நிரைக்காரிகளும் அவளுக்காக அதை ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டு, மேலே போய்க்கொண்டிருந்தார்கள்.